லாட்ஜில் ரூம் காலி! நிரப்புவது எப்படி?

கார்த்திகை 1-ந் தேதி பிறந்துவிட்டால் கம்பம் சாலைக்கு உறக்கம் கிடையாது.

வேன், பஸ், கார் என்று வரிசை வரிசையாக வண்டிகள். உள்ளே கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஐயப்ப பக்தர்கள். "சாமியே சரணம் ஐயப்பா!" என்ற குரல் இரவு 2 மணிக்கும் கேட்கும். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஒவ்வோர் ஊராகத் தாண்டி, வண்டிகள் மலை ஏறுகின்றன.

ஏறத்தாழ 2 மாதம் இப்படித்தான். தை பிறந்து, மகரஜோதி முடிந்ததும் சாலை மறுபடி அமைதியாகிவிடும்.

இந்த 2 மாதத்தை நம்பித்தான் தேனி மாவட்டத்தில் பல சிறு லாட்ஜுகள் இருக்கின்றன. 10 ரூம், 15 ரூம். முதலாளியே கணக்குப்பிள்ளை. அவர் மனைவியோ மகனோ கல்லாவில் இருப்பார்கள். கட்டடத்துக்கு வாங்கிய பாங்குக் கடன் இன்னும் தீர்ந்திருக்காது. ஐப்பசியில் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, புதுப் பாய் வாங்கிக் காத்திருப்பார்கள்.

ரூமும் நிரம்புகிறது. ஆனால் கல்லா நிரம்பவில்லை!

பணம் எங்கே போகிறது?

ரூ.1,000 என்ன ஆகிறது?

இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. வீட்டில் இருந்தபடியே ரூம் பிடிக்கலாம். ரூம் பிடித்துக் கொடுப்பதற்கென்றே பெரிய கம்பெனிகள் உண்டு. சும்மா பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். கமிஷன் உண்டு. அந்தக் கமிஷனைக் கொடுப்பவர் லாட்ஜ் முதலாளி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ரூம் வாடகை ரூ.1,000 என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு 20 வீதம் கமிஷன் என்றால் ரூ.200 போய்விட்டது. அந்தக் கமிஷனுக்கு 100-க்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரி. அது ரூ.36. ஆக, முதலாளி கைக்கு வருவது ரூ.764.

இதில்தான் கரண்ட் பில், சலவைக் கூலி, சிப்பந்தி சம்பளம், வெந்நீர், சோப்பு எல்லாம்.

2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரை உள்ள ரூம்களுக்கு ஜி.எஸ்.டி. 100-க்கு 12-ல் இருந்து 5 ஆகக் குறைந்தது. தங்குகிறவருக்கு இது லாபம். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்த 5 வரியைக் கட்டுகிற லாட்ஜ், தான் மற்றவர்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே அந்த ரூ.36, போனது போனதுதான்.

ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு ரூ.236 போகிறது. 10 ரூம், 60 நாள் என்றால் ரூ.1,41,600!

இதில் பாதிப் பேர் மட்டும் கம்பெனி வழியாக வராமல், நேரே லாட்ஜுக்குப் போன் போட்டு வந்தால்? அவர்களுக்கு ரூ.50 வாடகையைக் குறைத்துக் கொடுத்தாலும், முதலாளிக்கு ரூ.55,800 மிஞ்சும். தங்குகிறவருக்கும் லாபம், தங்க வைக்கிறவருக்கும் லாபம்.

கோடிக்கணக்கில் அபராதம்

"நேரே வந்தால் குறைத்துக் கொடுக்கிறேன்" என்று முதலாளி சொல்ல முடியுமா? ஒரு காலத்தில் அதற்கே தடை இருந்தது.

கம்பெனியின் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. எங்களிடம் என்ன வாடகையோ, அதைவிடக் குறைவாக வேறு எங்கும் கொடுக்கக்கூடாது. உன் சொந்த இணையதளத்திலும் கூடாது என்று அது சொன்னது. ரூம் தன்னுடையது. கட்டடம் தன்னுடையது. ஆனால் வாடகையைத் தன் இஷ்டப்படி சொல்ல முடியாது!

இந்திய ஓட்டல், உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு இதை எதிர்த்துப் புகார் செய்தது. டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையம் இந்தப் புகாரை விசாரித்தது. 2022 அக்டோபர் 19-ந் தேதி தீர்ப்பு வந்தது. மேக்மைட்ரிப்-கோஐபிபோ கம்பெனிக்கு ரூ.223 கோடியே 48 லட்சம் அபராதம். ஓயோ கம்பெனிக்கு ரூ.168 கோடியே 88 லட்சம் அபராதம்.

வாடகை விஷயத்தில் கையைக் கட்டும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் இருந்து நீக்க வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. ஓயோவுக்காக மேக்மைட்ரிப், வேறு 2 கம்பெனிகளைத் தன் பட்டியலில் இருந்தே தூக்கிவிட்டது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ட்ரீபோ, பேப் ஓட்டல்ஸ் என்பவை அந்த 2 கம்பெனிகள்.

ஐரோப்பாவிலும் இதே சண்டை நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் இருந்து நடக்கும் புக்கிங் டாட் காம் கம்பெனிக்கும் ஜெர்மனி ஓட்டல்காரர்களுக்கும் வழக்கு. இப்படி ஒரு நிபந்தனை இல்லாமலே அந்த வியாபாரம் நடக்கும் என்ற கருத்துப்பட, ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பர் 19-ந் தேதி தீர்ப்புக் கூறியது.

ஆகவே, கம்பத்தில் உள்ள சிறு முதலாளி இந்த விஷயத்தில் தனி ஆள் அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதை முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்.

அதற்காகக் கம்பெனிகளே வேண்டாம் என்று சொல்வதும் புத்திசாலித்தனம் அல்ல. பெங்களூரில் இருப்பவருக்குச் சின்னமனூரில் ஒரு லாட்ஜ் இருப்பது எப்படித் தெரியும்? முதல் தடவை கம்பெனி அழைத்து வரட்டும். இரண்டாம் தடவை அவரே போன் செய்து வர வேண்டும். அப்படி வருகிறாரா, இல்லையா என்பது லாட்ஜ்காரரின் கையில் இருக்கிறது.

குருசாமியின் நம்பர்

ஐயப்ப பக்தர்கள் தனித் தனியாக வருவதில்லை. 20 பேர், 40 பேர் என்று கூட்டமாக வருவார்கள். எந்த வழியில் போவது, எங்கே நிற்பது, எங்கே தூங்குவது என்று முடிவு செய்பவர் ஒருவர்தான். அவர் குருசாமி.

குருசாமி ஒரு வருடம் வந்து போகிறவர் அல்ல. வருடா வருடம் மலைக்குப் போகிறவர். ஓர் இடம் அவருக்குப் பிடித்துவிட்டால், அடுத்த வருடமும் வண்டி அங்கேதான் நிற்கும். பிடிக்காவிட்டால், தன் கூட்டத்தை மட்டும் அல்ல. தனக்குத் தெரிந்த மற்ற குருசாமிகளையும் திருப்பிவிடுவார்!

அவருக்கு என்ன பிடிக்கும்? மெத்தையும் டெலிவிஷனும் அல்ல. விரதத்தில் இருப்பவர் தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார். அவருக்கு வேண்டியவை வேறு.

விடியற்காலை 4 மணிக்குத் தண்ணீர் வர வேண்டும். 40 பேரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். பாதியில் தண்ணீர் நின்றால் அந்த லாட்ஜின் பெயர் அன்றோடு போயிற்று. கக்கூஸ் சுத்தமாக இருக்க வேண்டும். வேனை நிறுத்த இடம் வேண்டும். விளக்கு ஏற்றி, பூஜை போட்டு, பஜனை பாட ஒரு கூடம் வேண்டும். கூடவே வரும் சமையல்காரர் அடுப்பு மூட்டக் கொல்லைப்புறத்தில் ஓர் இடம் இருந்தால் மிகவும் நல்லது.

இவ்வளவும் உள்ள லாட்ஜ், கம்பெனிப் பட்டியலில் 30-வது பெயராக இருந்தாலும் பாதகம் இல்லை. குருசாமி பட்டியலைப் பார்ப்பதே இல்லை.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குருசாமியின் பெயர், ஊர், போன் நம்பர், வந்த தேதி, எத்தனை பேர் என்று எழுதி வைக்க வேண்டும். "போன வருடம் கூடத்தில் பேன் ஓடவில்லை" என்று அவர் குறை சொல்லியிருந்தால் அதையும் எழுத வேண்டும். ஐப்பசி மாதம் நோட்டைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்ய வேண்டும்.

"சாமி சரணம்! கம்பத்தில் இருந்து பேசுறோம் சாமி. இந்த வருசம் எந்தத் தேதியில வர்றீங்க? போன தடவை பேன் ஓடலேன்னு சொன்னீங்களே, மாத்தியாச்சு சாமி."

இந்த ஒரு போனுக்குச் சமமான விளம்பரம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. எந்தச் செல்போனிலும் இல்லை.

சபரிமலையில் தரிசனத்துக்கு இப்போது ஆன்லைனில் முன்பதிவு நடக்கிறது. ஆகவே குருசாமிக்குத் தன் தேதி முன்கூட்டியே தெரியும். சீட்டுப் போட்ட கையோடு ரூமும் பேசி முடிக்க அவருக்கே விருப்பம் இருக்கும்.

போகிற வழி, வருகிற வழி

இன்னொரு நுணுக்கம் உண்டு. கூட்டம் அதிகமான நாட்களில் போலீசார் இந்தப் பாதையை ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். சபரிமலைக்குப் போகிற வண்டிகள் கம்பத்தில் திரும்பி, கம்பம்மெட்டு வழியாகப் போகும். திரும்பி வருகிற வண்டிகள் குமுளி, லோயர் கேம்ப், கூடலூர் வழியாக இறங்கும்.

அப்படியானால், அந்த நாட்களில் கூடலூர் லாட்ஜ்காரர் பார்ப்பது மலையில் இருந்து திரும்புகிறவர்களைத்தான். அவர்கள் பூஜை போட இடம் கேட்க மாட்டார்கள். நடந்து நடந்து கால் வீங்கியிருக்கும். 3 நாள் அழுக்குத் துணி மூட்டையாக இருக்கும். வெந்நீரும், துணி உலர்த்தக் கொடியும், 4 மணி நேரத் தூக்கமும்தான் அவர்களுக்குத் தேவை. 4 மணி நேரம் தூங்குவதற்கு ஒரு நாள் வாடகையா என்று தயங்குவார்கள். அரை நாள் வாடகை என்று வாசலில் பெரிய எழுத்தில் போர்டு வைத்தால் வண்டி நிற்கும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் வருடம் முழுவதும் திராட்சை அறுவடை உண்டு. வீட்டுக்குப் போகிறவர் வெறும் கையோடு போக மாட்டார். தோட்டத்தில் இருந்து நேரே வந்த திராட்சைக் கூடை நாலு, லாட்ஜ் வாசலில் இருந்தால் என்ன?

24 மணி நேரக் கணக்கு

சென்னையில் இருந்து போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் 15-ந் தேதி நேர் ரெயில் விட்டார்கள். மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்துவதற்காக மூடி, பல வருடம் ரெயிலே இல்லாமல் இருந்த ஊர் அது. சென்னையில் இரவு ஏறினால், காலையில் தேனி!

காலையில் இறங்குகிற குடும்பத்துக்கு முதல் கவலை குளியல். "பகல் 12 மணிக்குத்தான் ரூம் தருவோம்" என்பது பெரிய ஓட்டல்களின் சட்டம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு 12 மணி வரை எங்கே போவது?

நம் ஊர் லாட்ஜுகளின் பழைய வழக்கம் 24 மணி நேரக் கணக்கு. காலை 9-க்கு வந்தால் மறுநாள் காலை 9 வரை ரூம் உங்களுடையது. இந்தப் பழைய வழக்கம் உள்ள சிறு லாட்ஜ், தன்னிடம் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான் என்று பல நேரம் அறிவதே இல்லை. போர்டிலும், செல்போன் படத்துக்குக் கீழும் இதை எழுத வேண்டும்.

எழுதும்போது ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். வெளியூர்க்காரர் 'ஓட்டல்' என்றால் படுக்கை என்று நினைக்கிறார். கம்பத்துக்காரர் 'ஓட்டல்' என்றால் இட்லி என்று நினைக்கிறார்! ரூம் இருக்கிறதா, சாப்பாடு இருக்கிறதா, இரண்டும் உண்டா என்று தெளிவாகப் போடாவிட்டால், இரவு 11 மணிக்குப் பரோட்டா கேட்டுப் போன் வரும்.

செல்போனில் பெயர்

கூகுள் மேப்பில் லாட்ஜின் பெயர், இடம், போன் நம்பர் ஆகியவற்றைப் பதிவு செய்யக் காசு கிடையாது. ரூம் முன்பதிவு செய்வதற்கான இணைப்பையும் 2021 மார்ச் முதல் கூகுள் இலவசமாகக் காட்டி வருகிறது. "பணம் கட்டினால் உங்கள் லாட்ஜை முதலில் காட்டுகிறோம்" என்று யாராவது போனில் பேசினால், கும்பிடு போட்டு வைத்துவிடலாம்.

பதிவு செய்ததோடு விடக்கூடாது. வாரம் ஒரு முறை திறந்து, போன் நம்பர் தன்னுடையதுதானா என்று பார்க்க வேண்டும். லாட்ஜின் பெயரில் போலி நம்பரைப் போட்டு முன்பணம் பறிக்கும் மோசடிக்காரர்கள் உண்டு. யாத்திரைத் தலங்களின் பெயரால் இப்படி நடக்கிறது என்று மத்திய அரசே 2025 ஏப்ரலில் எச்சரித்தது. பணத்தை இழந்தவர் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். பணத்தை இழந்தவர் திட்டுவது என்னவோ லாட்ஜ்காரரைத்தான்!

படம் எடுத்துப் போடுவதில் சிலர் கெட்டிக்காரர்கள். ஒரு சிறு ரூமை மண்டபம்போல் காட்டிவிடுவார்கள். எங்கோ உள்ள நீர்வீழ்ச்சியை ஜன்னலுக்கு வெளியே ஒட்டி வைப்பார்கள். வந்து பார்க்கிறவர் ஒரே வரியில் "ஏமாற்று" என்று எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு வரி 3 வருடம் அழியாமல் நிற்கும். கட்டில் பழையது என்றால் பழைய கட்டிலையே காட்டலாம். மேலே விரித்த வேட்டி வெள்ளையாக இருந்தால் போதும்.

மச்சான், மருமகன் எல்லோரையும் விட்டு "பேஷ், பேஷ்" என்று எழுதச் சொல்வதும் கூடாது. போலி அபிப்பிராயங்களைத் தடுக்க 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. குறை எழுதியவருக்கு, "மன்னிக்க வேண்டும், குழாயைச் சரிசெய்துவிட்டோம்" என்று பதில் எழுதினால், அடுத்துப் படிக்கிறவர் குறையை மறந்து பதிலைப் பார்ப்பார்.

யானை வந்த நாள்

2023 மே 27-ந் தேதி கம்பம் நகரத்துக்குள் ஒரு காட்டு யானை நுழைந்தது. கேரளத்தில் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுவந்து விட்ட 'அரிக்கொம்பன்' அது. ஊரில் 144 தடை உத்தரவு. மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகள் போகத் தடை. ஜூன் 5-ந் தேதி வனத்துறையினர் அதைப் பிடித்துக் களக்காடு பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோகும் வரை, மக்களுக்கு நிம்மதி இல்லை.

கோடை விடுமுறை நாள். குழந்தைகளோடு கிளம்பத் தயாராக இருந்த குடும்பங்களுக்கு, "இப்போது வராதீர்கள்" என்று யார் சொல்வது? கம்பெனி வழியாக ரூம் பிடித்தவரின் நம்பர் பல நேரம் லாட்ஜ்காரருக்குத் தெரிவதே இல்லை. நேரே பேசி வருகிறவரின் நம்பர்தான் கையில் இருக்கும்.

"முன்பணம் பத்திரமாக இருக்கிறது, யானை போன பிறகு வாருங்கள்" என்று சொல்கிற லாட்ஜ்காரரை அந்தக் குடும்பம் மறக்குமா? பணத்தைத் திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

வியாபாரத்துக்காக ஆபத்தை மறைப்பது பாவம். 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இளைஞர்களும் பெண்களும் மாண்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. வனத்துறை அனுமதி இல்லாத பாதைக்கு "ஆள் வைத்து அனுப்புகிறோம்" என்று எந்த லாட்ஜும் விளம்பரம் செய்யக்கூடாது. சுருளி அருவியில் வெள்ளம் என்றால், குளிக்கத் தடை என்று காலையிலேயே வாசலில் எழுதிப் போட வேண்டும்.

மற்ற 10 மாதம்

ஐயப்பன் சீசன் முடிந்தால் ரூமைப் பூட்டிவிட வேண்டியதில்லை.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரன் கோவிலில் கூட்டம். போடியில் ஏலக்காய் ஏலத்துக்கு வியாபாரிகள் வருகிறார்கள். வியாபாரிக்கு வேண்டியது சீக்கிரம் காபியும், சரியான பில்லும். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களுக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டார் உண்டு. மண்டப மேனேஜர்களுக்கு லாட்ஜின் நம்பர் தெரிந்திருந்தால் அது தானாக வரும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை யாரும் வியாபாரமாக நினைப்பதில்லை. தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி க.விலக்கில் இருக்கிறது. மலையோரத்து ஊர்களில் இருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். உள்ளே ஒருவர் படுத்திருப்பார். வெளியே மரத்தடியில் 3 பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாரம், 10 நாள். அவர்களுக்குக் குறைந்த வாடகையில் வாரக் கணக்குக்கு ஒரு ரூம், கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் நேரம் எழுதிய ஒரு சீட்டு. காலியாகக் கிடக்கும் ரூமுக்கு ரூ.300 வந்தாலும் அது வரவுதான்.

அந்த நோட்டுப் புத்தகத்தில் இவர்கள் பெயரையும் எழுதி வைக்கலாம். ஆனால் ஐப்பசியில் இவர்களுக்குப் போன் செய்து, "மறுபடி எப்போது வருகிறீர்கள்?" என்று கேட்கக் கூடாது. "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று மட்டும் கேட்க வேண்டும்.